முதல் நாலு காட்ஸ்

எங்கள் ஊர் பாண்டிருப்பில் செத்த வீட்டுப் பந்தலில் விடியவிடிய 304 விளையாடிப் பழகியவன் நான். பிறகு காசு வைத்து ஆடத் தொடங்கினோம்.

32 காட்ஸ். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறும் காட்ஸ். ஒரு இனத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. முதலில் ஆளுக்கு நாலு காட்ஸ். அதைப் பார்த்தே எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும். கேள்வி 160இல் தொடங்கும். கூடக் கேட்டவன் துரும்பை, அதாவது வெட்டும் இனத்தை, கவிழ்த்து வைத்த பிறகுதான் மற்ற நாலும் வரும்.

முதல் நாலில் ஒரு ஜாக்காவது வருவது 100 கையில் 43 தரம். ஒரே இனத்து ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வருவதோ சுமார் 20 கைக்கு ஒன்று. நான் ஏறக்குறைய எல்லாக் கைக்கும் கேட்டேன். ஒரு ஏஸும் ராணியும் கண்டால் "170" என்பேன். மிச்சம் பின்னால் வரும், வராவிட்டால் சோடியிடம் இருக்கும் என்று மனம் சொல்லும். போக்கரிலும் நல்ல கை அரிதுதான்: இரண்டு ஏஸ் கையில் விழுவது 221 தரத்துக்கு ஒன்று, தெரிந்தவன் பெரும்பாலான கைகளைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுவான். எனக்குத் தோற்பதைவிடச் சும்மா இருப்பது கஷ்டமாக இருந்தது.

என் சோடி அத்தான், அக்காவின் புருஷன். கரைவலை இழுத்த பங்கில் என் தோல்விக்குப் பாதி கொடுத்தார். ஆட்டத்தில் சோடியோடு பேசக்கூடாது. ஆட்டம் முடிந்தும் அவர் பேசவில்லை. அக்காவின் மகள் இரண்டு மாதம் டியூசனுக்குப் போகவில்லை.

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஊர். 18 நாள் சடங்கு, தீமிதிப்பு, பாரதக் கதை எல்லாம் சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும். தருமர் சூதில் தன்னை வைத்துத் தோற்ற பிறகே திரௌபதையை வைத்தார். நான் முதலிலேயே அத்தானுடையதை வைத்தேன்.

ஒன்றை மறைக்கவும் செய்தேன். எட்டு காட்ஸும் மேசைக்கு வந்துவிடும். எது முதலில் வந்தது என்பது பிடித்தவனுக்கு மட்டுந்தான் தெரியும். தோற்ற இரவுகளில் "நல்ல கை அத்தான், ஜாக்கை வைத்துத்தான் கேட்டேன், பின் நாலுதான் கெடுத்தது" என்றேன். அவர் நம்பினார்.

அத்தான், அந்த ஜாக் முதல் நாலில் இருக்கவில்லை.