விரலுக்குத் தெரியாத எல்லை

களியக்காவிளையில் பேருந்து மாறி இஞ்சிவிளை தாண்டினால் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. பேச்சு மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. பாறசாலையிலும் சுற்றுவட்டத்து ஊர்களிலும் பல தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு எழுத்து, பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்து.

மார்த்தாண்டத்து நண்பர் ஒருவர் சொல்லித்தான் அங்குள்ள ஓர் ஆசிரியரைப் பார்க்கப் போனேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். முப்பது ஆண்டு சாதாரணப் பள்ளிகளில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டுத் திண்ணையில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறார்.

"இரிங்க. சாயா குடிச்சிட்டுப் பேசலாம்" என்றார். பெயர் எழுத வேண்டாம் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. "எனக்க பேரு எதுக்கு? இந்த ஆறு புள்ளியப் பத்தி எழுதுங்க, போதும்."

சொல்லிவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிரெய்ல் சிலேட்டை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு பக்கம் கீல் போட்டு இணைத்த இரண்டு தகடுகள். மேல் தகட்டில் வரிசையாகச் சிறு சன்னல்கள். கீழ்த் தகட்டில் ஒவ்வொரு சன்னலுக்கும் நேராக ஆறு குழிகள். நடுவே தாளைச் செருகி, மரப்பிடி போட்ட குட்டை ஊசியால் குத்த வேண்டும். குத்துவது தாளின் முதுகில், படிப்பது முகத்தில். அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட வேண்டும். திருவனந்தபுரம் வழுதக்காட்டிலுள்ள பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியில் சிறுவனாகச் சேர்ந்தபோது அவர் முதலில் கற்றது இதைத்தான். தடித்த தாளுக்கு அன்று பஞ்சம். ஊரிலிருந்து அப்பா பழைய காலண்டர் தாள்களைச் சுருட்டி எடுத்து வருவாராம்.

கணக்குக்கு டெய்லர் ஃபிரேம். எண்கோணக் குழிகள் நிறைந்த பலகையில் சிறு ஈயக்கட்டைகளைச் செருகுவார்கள். கட்டையை ஒவ்வொரு மூலையாகத் திருப்பத் திருப்ப எண் மாறும். எட்டு வரை ஒரு முனை. ஒன்பதுக்கும் சுழியத்துக்கும் கட்டையைக் கவிழ்த்து மறுமுனை. ஒரு வகுத்தலைப் போட்டு முடிப்பதற்குள் நான்கு கட்டைகள் தரையில் உருண்டுவிடும் என்றார். தேடி எடுப்பதும் பாடத்தில் சேர்த்தியாம்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெய்ல் முறை உருவானது. எழுத்து வடிவம் எதுவானாலும் ஒலி ஒன்றானால் புள்ளியும் ஒன்று. தமிழ் 'க'வுக்கும் மலையாள 'க'வுக்கும் ஆறில் 1, 3-ஆம் புள்ளிகள். இரு மொழிக்கும் உரிய 'ழ' இரண்டிலும் 1, 2, 3, 5, 6. 'அம்மா' என்று எழுதிக் கடைசி நெடிலுக்கான 3, 4, 5-ஐ மட்டும் விட்டுவிட்டால் மலையாளத்து 'அம்ம' வந்துவிடும். பார்வையுள்ள பிள்ளை இரண்டு அரிச்சுவடி படிக்க வேண்டிய ஊரில், பார்வையில்லாத பிள்ளைக்கு ஒன்றே போதும். நான் பிறந்து வளர்ந்தது இந்த எல்லையோரத்தில்தான். இது இவ்வளவு நாள் என் காதுக்கு வரவில்லை.

ஆசிரியப் பணியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. கரும்பலகையில் பிள்ளைகள் எழுதினார்கள், அவர் நடத்தினார். விடைத்தாளை மட்டும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. "அதுதான் சங்கடம், கேட்டீளா? நம்ம பிள்ள எழுதினத அடுத்தவரு வாயில கேக்கணும்."

கேரளத்தில் 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கிப் பள்ளிகளுக்குக் கணினி வந்தது. திரையைப் பேச வைக்கும் வெளிநாட்டு மென்பொருளின் விலை அவருடைய மாதச் சம்பளத்தையே தாண்டி நின்றது. பின்னர் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறியபோது அதனுடன் ஓர்கா என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே வந்தது. விண்டோஸுக்கு ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ இருக்கிறது, அதுவும் இலவசம். இவற்றையெல்லாம் நிறுவும் முறையை விரிவாக விளக்கினார். அது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

அவர் மனம் தோய்ந்திருப்பது விசைப்பலகையில். கேரளத்தில் உருவான சாரதா பிரெய்ல் ரைட்டர் என்ற கட்டற்ற மென்பொருளில் எஃப், டி, எஸ், ஜே, கே, எல் என்ற ஆறு விசைகளும் ஆறு புள்ளிகளாகிவிடுகின்றன. ஓர் எழுத்துக்குரிய விசைகளைச் சேர்த்து அமுக்கினால் எழுத்து விழும். சிலேட்டில் பழகிய விரல் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. திருப்பிப் போடும் வேலையும் இல்லை.

இவ்வளவும் காசில்லாமல் கிடைக்கும்போது, பள்ளிகளுக்கு என்று பெரும் விலை கொடுத்து வாங்கப்படும் கருவிகள் என்னாகின்றன? தான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உறை பிரிக்காமலே அலமாரியில் பூட்டி வைத்திருந்ததாகச் சொன்னார். விற்றவர் வந்து கையெழுத்து வாங்கிப் போனார். பழக்கிக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. யாருக்காக வாங்குகிறார்களோ அவர்கள் கையில் ஒரு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு வாங்க எவ்வளவு நேரமாகும்? தரகுக்காரரின் பட்டியலில் விலை இருக்கும், உத்தரவாதம் இருக்கும். அந்தப் பிள்ளையின் விரல் இருக்காது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது பிரெய்ல் தட்டச்சுப் பொறிக்கும் வரி போட்டார்கள். கண்ணுள்ள பிள்ளையின் பென்சிலை நாம் உதவிக் கருவி என்று சொல்வதில்லை. இவர்களுக்கு இந்த ஊசிதான் பென்சில்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்தபடி வந்தாள். "வா மக்களே, இவரு நாரோயில்ல இருந்து வந்திருக்காரு" என்றார். அவள் கணினி முன் உட்கார்ந்ததும் திண்ணை முழுக்க விசைச் சத்தம். ஒரு வரி தமிழ், ஒரு வரி மலையாளம். விரல்கள் இடம் மாறவே இல்லை.

கிளம்புவதற்கு முன் சிலேட்டில் 'தமிழ்' என்று குத்திப் பார்த்தேன். அவளிடம் கொடுத்தேன். விரல் கடைசி எழுத்தில் நின்றது.

"தமிட்னு இருக்கு அங்கிள்."

'ழ'வைத் திருப்பாமல் நேராகக் குத்தியிருக்கிறேன். திருப்பிப் படித்தால் அது 'ட'. அவள் நான்காம் புள்ளியை நகத்தால் தேய்த்து அமுக்கினாள். தாளை மறுபடி தகடுகளுக்கிடையே செருகி, சன்னலைத் தடவிப் பார்த்து, ஊசியை எடுத்து ஒரே ஒரு குத்து குத்தினாள். ஒன்றாம் புள்ளி. தாளை என்னிடம் நீட்டினாள்.

"இப்ப தொட்டுப் பாருங்க."