நோவு அடங்கினால் சுகமா?

என் மாமி வட்டக்கச்சியில் இருக்கிறார். 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போய், யுத்தம் முடிந்தபின் திரும்பிவந்து, இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலில் மீண்டும் நெல் விதைத்த குடும்பம் அவருடையது. சென்ற வருடம் அவருக்கு வலது விலாவில் நோவு வந்தது. மூச்சை இழுத்தாலும் இருமினாலும் குத்தியதாம். மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்பு என்று எண்ணெய் பூசிக்கொண்டார். இரண்டு கிழமையில் நோவு குறைந்தது. "இப்ப சுகம் மகள்" என்று போனில் சொன்னார். ஆனால் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் எனக்கு அந்த மூச்சு பயத்தைத் தந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நுரையீரலைச் சுற்றிப் 'புளூரா' என்னும் மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் உள்ளடுக்கு நுரையீரலைப் போர்த்தியிருக்கும். வெளியடுக்கு விலா எலும்புகளின் உட்புறத்தையும் பிரிமென்றகட்டின் மேற்புறத்தையும் மூடியிருக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பது சில தேக்கரண்டி நீர் மட்டுமே. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். இலகுவாக வழுக்கும், பிரிக்கத்தான் முடியாது. அப்படித்தான் நெஞ்சு விரியும்போது நுரையீரலும் கூடவே விரிகிறது. ஒரு நாளில் சுமார் 20,000 தடவை இந்த அடுக்குகள் சத்தமில்லாமல் வழுக்குகின்றன.

உள்ளடுக்குக்கு நோவு தெரியாது. வெளியடுக்கில்தான் நோவை உணரும் நரம்புகள் உள்ளன. சவ்வில் அழற்சி வந்தால் அடுக்குகள் உரசும். மூச்சு இழுக்கும்போது குத்தும். பின்னர் இடையில் நீர் ஊறிச் சேர்ந்தால் அடுக்குகள் விலகிவிடும். உரசல் நிற்கும், நோவும் அடங்கும். ஆனால் அந்த நீர் நுரையீரலை நெருக்கத் தொடங்கும். மாமி சுகம் என்று நினைத்தது இதைத்தான்.

வாப்பா அவரைக் கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார். வைத்தியர் முதுகில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். நீர் நிறைந்த குடமும் வெறுங்குடமும் வேறுவேறாக ஒலிப்பதுபோல, நீர் சேர்ந்த பக்கம் மந்தமாக ஒலிக்கும். ஒஸ்திரிய வைத்தியர் லெயோபோல்ட் அவுன்புருகர் 1761இலேயே நூலாக எழுதிவைத்த முறை இது. எக்ஸ்ரேயும், ஊசியால் எடுத்த நீரும், மற்றப் பரிசோதனைகளும் காரணத்தைக் காட்டின: காசநோய்.

மாமி அழுதது நோயை நினைத்தல்ல. "மகளுக்குக் கலியாணம் பேசுற நேரம். ஆரிட்டயும் சொல்லாதீங்க" என்றார். காசநோய் பரம்பரை நோயல்ல, கிருமியால் வருவது. சவ்வில் மட்டும் இருந்து, சளியில் கிருமி இல்லாவிட்டால், அது மற்றவர்களுக்குத் தொற்றுவது மிக அரிது. நம் நாட்டில் மருந்து இலவசம். வழக்கமாக ஆறு மாதம், இடையில் நிறுத்தாமல் எடுக்கவேண்டும். இவற்றை நானும் மைனியும் மாமிக்குப் பக்கத்தில் இருந்து திரும்பத் திரும்பச் சொன்னோம். மாமி ஒரு நாளும் தவறாமல் மருந்தை முடித்தார். இதை எழுதவும் அவரே சம்மதித்தார்.

நம் வீடுகளில் உம்மாமார் நோவைச் சொல்வதே குறைவு. அது அடங்கிவிட்டால் பேச்சே இல்லை. தங்கைகளே, அடுத்த முறை "இப்ப சுகம்" என்று அவர்கள் சொன்னால் சொல்லை மட்டும் கேளாதீர்கள். மூச்சையும் கேளுங்கள்.