தேதி இல்லாத பதில்

2024 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து ஒரு நாள் ஆகியிருந்தது. மழை மட்டும் விடவில்லை. மூங்கில்துறைப்பட்டில் தென்பெண்ணை ஓரம் இருப்பவர்களுக்கு அன்று ஒரே கேள்விதான்: சாத்தனூர் அணையில் எவ்வளவு திறக்கிறார்கள்?

ஆற்றோரம் குடியிருக்கும் என் மைத்துனர் பத்து மணிக்குப் போன் செய்தார். “மாமா, எவ்ளோ விடறாங்க?” கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலிருந்த எண்ணைப் படித்துச் சொன்னேன். நள்ளிரவில் மறுபடி கேட்டார். அதே எண். “பயப்படாதீங்க மச்சான், ஏறலை” என்றேன்.

அது சாயங்காலத்து எண். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் புதியது வந்து சேரவே இல்லை. பக்கம் அதைச் சொல்லாமல் பழையதையே காட்டிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் அணையிலிருந்து விநாடிக்கு 1,50,000 கன அடிக்கு மேல் வந்துவிட்டது. தெருப் பையன்கள் கதவைத் தட்டி எழுப்பியதால் மைத்துனர் குடும்பம் தப்பியது. தண்ணீர் மோட்டாரும் ஒரு கறவை மாடும் போயின. அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

பொங்கலுக்கு வந்த பேத்தி சென்னையில் இத்தகைய திரைகளை ‘ரியாக்ட்’டில் எழுதுகிறவள். அவளிடம் கேட்டேன்.

“திரை ஒரே துண்டு இல்ல தாத்தா. அணை அளவு ஒரு பெட்டி, மழை அளவு ஒரு பெட்டி, வரைபடம் ஒரு பெட்டி. ஒவ்வொண்ணும் தனித்தனியா சர்வருக்குக் கேள்வி அனுப்பும். பதில் எப்ப வரும், எந்த வரிசையில வரும்னு சொல்ல முடியாது. அதுக்காகத் திரை உறைஞ்சு நிக்கவும் கூடாது.”

அனுப்பிய கேள்விக்கு இனி வரவேண்டிய பதிலைக் குறிக்கும் பொருளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ‘ப்ராமிஸ்’ என்று பெயராம். நான் பிரெஞ்சில் படித்தவன். ‘ப்ரோமெஸ்’ என்றதும் பிடிபட்டது. அதற்கு மூன்றே நிலை: நிலுவை, நிறைவேறியது, தவறியது. புதுச்சேரியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது பழைய கோப்புகளில் ‘ஆன் ஆன்ஸ்தான்ஸ்’ என்று எழுதியிருக்கும். நிலுவையில் என்று பொருள். நிலுவையை நிலுவை என்றே எழுத வேண்டும். பதில் வந்ததுபோல் காட்டினால் அது பொய்க் கோப்பு.

இன்னொரு வம்பும் உண்டாம். சாத்தனூரைத் தட்டிவிட்டு, உடனே கிருஷ்ணகிரி அணையைத் தட்டுகிறீர்கள். கிருஷ்ணகிரியின் பதில் முந்திக்கொண்டு வருகிறது. பின்னால் வந்த சாத்தனூர் பதில் அதன்மேல் ஏறி உட்காருகிறது. தலைப்பு கிருஷ்ணகிரி, எண் சாத்தனூர்! கேள்வி மாறினால் பழைய கேள்வியைக் கைவிட வேண்டும், அல்லது அதற்கு வரும் பதிலைப் புறக்கணிக்க வேண்டும். தபால் எண்ணைப் பார்க்காமல் கடிதத்தைக் கோப்பில் செருகும் புதுக் குமாஸ்தாவுக்குச் சொல்வதும் இதுதான்.

இதையெல்லாம் கவனிக்கவே ‘டான்ஸ்டாக் க்வெரி’, ‘எஸ்.டபிள்யூ.ஆர்.’ போன்ற நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. நாலு பெட்டிகள் ஒரே கேள்வியைக் கேட்டால் ஒரு தடவை மட்டும் அனுப்பிப் பதிலைப் பகிர்ந்து கொடுக்கும். பழையதைக் காட்டிக்கொண்டே பின்னால் புதியதைக் கேட்கும். டான்ஸ்டாக் க்வெரி, தோற்றால் மூன்று முறை தானாகவே திரும்ப முயன்று, அப்புறம் தவறியது என்று குறிக்கும். ஆனால் கையிலிருக்கும் பழைய பதிலை அழிக்காது. அது எப்போது வந்தது என்ற நேரத்தையும் வைத்திருக்கும்.

“அப்புறம் ஏன் எனக்குக் காட்டலை?”

“எழுதினவங்க பதில் இருக்கான்னு மட்டும் பார்த்திருப்பாங்க. தவறிடுச்சான்னு பார்த்திருக்க மாட்டாங்க. நேரத்தைத் திரையில போடறது எழுதறவங்க பொறுப்பு தாத்தா.”

பழையதைக் காட்டுவது தப்பில்லை நண்பர்களே. சிக்னல் இல்லாத ஊரில் ஒன்றுமே இல்லாத திரையைவிட அது மேல். தேதி போடாமல் காட்டுவதுதான் தப்பு. எங்கள் அலுவலகத்தில் தேதி முத்திரை இல்லாத தாளை யாரும் கையில் வாங்க மாட்டோம். அந்தப் பழக்கம் உள்ளவன், அன்று ராத்திரி நேரத்தைப் பார்க்காமல் வாய் திறந்தேன். அது என் பிழை.

இப்போது மழை பிடித்தால் மைத்துனர் போன் செய்கிறார். எண்ணைச் சொன்னதும் அவரே கேட்கிறார்:

“எத்தனை மணி கணக்கு மாமா?”