கையெழுத்துக்கு முன்

அக்டோபர் 30

விடாத மழை. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் குத்தகைக்காரர் வந்தார். ஆதார், பாஸ்புக், உரக்கடை ரசீது எல்லாவற்றையும் நனையாமல் பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். "அடங்கல் வாங்கணும்மா. நான்தான் சாகுபடி பண்றேன்னு நீங்க எழுதிக் குடுத்தா வி.ஏ.ஓ. போட்டுத் தர்றேங்கிறாரு." சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்ட அந்தச் சாகுபடிச் சான்று வேண்டும்; நவம்பர் 15 கடைசி நாள். ஐந்து மா நிலத்திலும் பொன்மணி நெல் நட்டிருக்கிறார். பாதிக்கு மேல் தண்ணீரில் நிற்கிறது. "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன்.

அவர் அப்பா காலத்திலிருந்தே எங்கள் நிலத்தில் அவர்கள்தான் உழுகிறார்கள். மாவுக்கு மூன்று மூட்டை என்று வாய்ப்பேச்சு. ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. நாற்று, நடவுக் கூலி, உரம், அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் அவர் தலையில். பயிர் அழுகினால் நஷ்டமும் அவருக்கே. ஆனால் எந்தக் கணக்கிலும் அவர் பெயர் இல்லை.

அக்டோபர் 31

தம்பி சென்னையிலிருந்து போனில் கத்தினான். "எழுத்துல எதையும் குடுக்காதக்கா. நாளைக்கு விக்கணும்னா காலி பண்ண மாட்டாங்க."

தஞ்சாவூர்ப் பக்கம் இது பழைய பயம். 1952-ல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யவே தனிச் சட்டம். இத்தனைக்குப் பிறகும் எங்கள் ஊரில் பாதிக் குத்தகை வாய்க்கணக்கில்தான் ஓடுகிறது. சட்டம் இல்லாமலா? எழுதிக் கொடுக்க எங்களைப் போன்றவர்களுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 2

தூக்கம் வரவில்லை. எதைக் காப்பாற்றப் பார்க்கிறேன்? அந்த நிலத்தின் விளைச்சலை நம்பி என் வீட்டில் உலை வைப்பதில்லை. பைபாஸ் பக்கம் மனை விலை ஏறுகிறது; என்றைக்காவது விற்கலாம் என்ற நினைப்புதான் கையைப் பிடிக்கிறது. அந்த என்றைக்காவதுக்காக ஒருவர் இந்த வருஷத்து வயிற்றைப் பணயம் வைக்க வேண்டுமா?

அதோடு விடவில்லை மனசு. சரி, எழுதிக் கொடுக்கலாம் என்று தோன்றிய அடுத்த நொடியே, ஊரில் நாலு பேர் "நல்ல மனுஷி" என்று சொல்வார்கள் என்ற நினைப்பும் வந்தது. வருஷா வருஷம் அவர் வந்து வாசலில் நின்று கேட்க, நான் கொடுக்க. அது தானம். அவருக்குச் சேர வேண்டியது உரிமை.

நவம்பர் 4

கீழவெண்மணி நினைவாகவே இருக்கிறது. விவசாயக் கூலிகள் கூடுதலாக நெல் கூலி கேட்டதில் எழுந்த தகராறில், 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். அப்போது அதுவும் தஞ்சாவூர் ஜில்லாதான். அதற்குப் பிறகு இந்தக் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கியவர்கள் காந்தியவாதித் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். வினோபாவின் பூதான (நிலக்கொடை) நடைப்பயணத்தில் நடந்தவர்கள். 1981-ல், உழுகிறவருக்கே நிலம் கிடைக்க லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கினார்கள். கிருஷ்ணம்மாள் நிலக்காரர்களின் இரக்கத்தோடு நின்றுவிடவில்லை. பேசி, விலைக்கு வாங்கி, நிலமில்லாத தலித் பெண்களின் பெயரிலேயே பத்திரம் பதிய வைத்தார். பத்திரத்தில் ஏறிய பெயரை நிலக்காரரின் மனமாற்றம் அழிக்க முடியாது. எனக்கு வேண்டிய பதில் அதில் இருந்தது.

நவம்பர் 6

காலையில் இருவரும் வி.ஏ.ஓ. ஆபீஸ் போனோம். கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்து நேரே தாலுகா ஆபீஸ். குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயரை ஏற்றச் சொல்லி மனுக் கொடுத்தோம். நான் ஒப்புக்கொண்டதாக அதிலேயே எழுதினேன். இனி ஒவ்வொரு வருஷமும் அவர் என் முகம் பார்த்து நிற்க வேண்டாம். தம்பி பேசுவதை நிறுத்திவிட்டான். வருத்தம்தான், ஆனாலும் மனுவைத் திரும்ப வாங்கப் போவதில்லை.

வெளியூரில் இருந்துகொண்டு இங்கே நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்களே, உங்கள் வயலிலும் இப்போது தண்ணீர் நிற்கும். பதினைந்தாம் தேதிக்குள் ஒரு நடை ஊருக்கு வந்து, உழுகிறவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.