மேடு ஏறினால் மட்டும் மிஸ் அடித்த லாரி

லாரி வைத்துப் பிழைத்த வீடுகளில் "வண்டி மிஸ் அடிக்குது" என்று சேதி வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. என் மாமா வீட்டிலும் அப்படித்தான். 1986-ல் நான் பி.காம். முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை அவருடைய லாரிக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். இருந்தது ஒரே வண்டி. ஆறு சிலிண்டர் எஞ்சின், இரண்டு கை மாறி வந்தது. கோவையில் பம்ப்செட் ஏற்றி, சத்தியமங்கலம், திம்பம் வழியாக மைசூர் போகும். அந்த வாடகையில்தான் மாதத் தவணையும் வீட்டுச் செலவும்.

சமதளத்தில் வண்டி நன்றாக ஓடியது. பண்ணாரி தாண்டி மலை ஏறத் தொடங்கினால் விட்டுவிட்டு இரையும், இழுவை போய்விடும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். முழு லோடோடு ஒரு வளைவில் எஞ்சின் நின்றால், கிளீனர் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். அவன் கை தவறினால் வண்டியும் போச்சு, ஆளும் போச்சு.

ஒரு பட்டறையில் பம்பைக் கழற்றிச் சுத்தமாக வேலை செய்ய வேண்டும், ஆறு நாசிலும் மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை இரண்டு மாதத் தவணைக்குச் சமம். போதாததற்கு யாரோ மாமாவின் காதில், "டிரைவர் டீசலை வித்துப்போட்டு மண்ணெண்ணெய் ஊத்தறான்" என்று போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் ஓட்டிய மனிதர். மாமாவுக்கும் மனசு கேட்கவில்லை, ஆனால் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. "அடுத்த மாசம் சாவியக் குடுத்துருங்க" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கணபதிப் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் டிரைவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்கண்ணா, ஏறும்போது மட்டுமா, எறங்கும்போதுமா?"

"ஏறும்போது மட்டுந்தானுங்க."

"டேங்க் நெறைஞ்சிருந்தாலுமா?"

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "நெறைஞ்சிருந்தா தேவலைங்க. பாதிக்குக் கீழ போனாத்தான் ஆட்டங் காட்டுது."

மெக்கானிக் தலையாட்டிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். பெட்ரோல் வண்டிபோல டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. 1893-ல் ருடால்ஃப் டீசல் காப்புரிமை பெற்ற அதே யோசனைதான்: காற்றை அழுத்தினால் 500 டிகிரிக்கு மேல் சூடாகும், அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே மிஸ் அடித்தால் பார்க்க வேண்டியவை இரண்டு: டீசல் சரியாக வருகிறதா, அழுத்தம் சரியாக இருக்கிறதா.

நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தினார். தளர்த்தியதும் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. சத்தம் மாறினால் அதுவரை அது ஒழுங்காக வேலை செய்தது என்று அர்த்தம். மாறாவிட்டால் அதுதான் குற்றவாளி. ஆறிலும் சத்தம் ஒரே மாதிரி மாறியது. "ஒரு சிலிண்டர் கோளாறு இல்லீங்க. ஆறுக்கும் பொதுவா எங்கியோ இருக்குது" என்றார். ஒரு கண்ணாடி டம்ளரில் டேங்க் டீசலைப் பிடித்து வெயிலில் காட்டினார். ரேஷன் மண்ணெண்ணெயின் நீலச் சாயல் துளியும் இல்லை. மாமா அதைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

பிறகு அவர் விளக்கியதை இன்றும் மறக்கவில்லை. டேங்க் நடுவில் தாழ்வாக இருக்கிறது. ஃபீட் பம்ப் முன்னால் எஞ்சினில் இருக்கிறது. மலை ஏறும்போது முன்பக்கம் தூக்குவதால் டீசலை இன்னும் மேலே உறிஞ்ச வேண்டும். டேங்க் குறைந்திருந்தால் அதைவிட அதிகம். உறிஞ்சும் பைப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே சொட்டாது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

"சந்தேகத்த மலையிலயே தீத்துக்கலாம்" என்றார். மாமா என்னையும் அனுப்பினார். "கூடப் போயிட்டு வா மாப்ளே, உள்ளத உள்ளபடி சொல்லு."

லோடோடு போனோம். ஐந்தாறு வளைவு ஏறியதும் வழக்கம்போல மிஸ் அடித்தது. ஓரங்கட்டிக் கட்டை வைத்தோம். டேங்கிலிருந்து வரும் பைப்பை ஃபீட் பம்பில் கழற்றி, கேபினில் உயரமாகக் கட்டிய டீசல் கேனிலிருந்து ரப்பர் குழாய் கொடுத்தார். கைப்பம்பை அமுக்கி ஏர் எடுத்தார். நுரைநுரையாக வந்து, பிறகு சுத்த டீசல் வந்தது. அங்கிருந்து திம்பம் உச்சிவரை ஒரு மிஸ் இல்லை. டிரைவர் வாய் திறக்கவில்லை. உச்சியில் நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் பைப்பைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு கிளாம்ப் கழன்று விழுந்து, பைப் சேஸில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. மேலே சேறும் கிரீஸும் மூடிக் கிடந்தது. தேய்ந்த இடத்தை வெட்டிப் புதுத் துண்டு போட்டு, பழைய டியூப் ரப்பரைச் சுற்றிக் கிளாம்ப் அடித்தார். கணக்கு நோட்டில் நான் எழுதிய செலவு, கூலியோடு 42 ரூபாய்.

மாமா அன்று மாலை டிரைவர் வீட்டுக்கே போய்விட்டு வந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அந்த வண்டியை விற்கும்வரை அவர்தான் ஓட்டினார்.

பழைய டிராக்டரோ, ஆயில் எஞ்சினோ இன்னும் தோட்டத்தில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை உதவும்: ஓட்டுகிறவரைக் கேளுங்கள், எப்போது அடிக்கிறது என்று குறியுங்கள், சிலிண்டர் சிலிண்டராகச் சோதியுங்கள், பம்பைக் கடைசியாகத் தொடுங்கள். நட்டைத் தளர்த்தும்போது பீச்சும் டீசலில் கை படக்கூடாது, தோலைத் துளைக்கும். காமன் ரெயில் எஞ்சின் உள்ள புது வண்டிகளில் இதைச் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே. அங்கே கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வண்டிக்கும் முதல் கேள்வியை ஓட்டுகிறவரிடம்தான் கேட்க வேண்டும்.