தேய்ந்த யந்திரமும் தேடாத காரணமும்

நம்மவரிடையே ஒரு வழக்கம் நெடுநாளாக வேரூன்றியிருக்கின்றது. எந்தப் பொருள் பழுதுற்றாலும், "அதன் காலம் முடிந்துவிட்டது" என்று கூறி ஒதுக்கிவிடுகின்றோம். மனிதன் வீழ்ந்தால் விதி என்கின்றோம்; யந்திரம் நின்றால் வயது என்கின்றோம். இரண்டும் ஆராயாமலிருப்பதற்குக் கிடைத்த சாக்குகளேயன்றி வேறல்ல. இதனை ஒரு பழைய சங்கிலி வாளைக் கொண்டு விளக்க விரும்புகின்றோம்.

மரம் அறுக்கும் சங்கிலி வாள் தோட்டப்புற மக்களுக்குப் புதியதன்று. ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டில் என்பார் 1926-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் ஓடும் வாளையும், 1929-ஆம் ஆண்டில் பெட்ரோலால் ஓடும் வாளையும் அமைத்தார். பின்னர் அது ஒருவரே தூக்கக்கூடிய அளவிற்குச் சிறுத்து, நமது நாட்டுத் தோட்டங்களுக்கும் வந்தது. பால் வற்றிய முதிய ரப்பர் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்தபோது பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

30 ஆண்டுகள் உழைத்த அத்தகைய வாளொன்று அண்மையில் நம் கைக்கு வந்தது. விழுந்த மரங்களை அறுத்துப் பிழைக்கும் நம் உறவினர் ஒருவருக்கு அதுவே ஜீவனம். பட்டணத்துக் கடையொன்றில் இருமுறை புதிய பிஸ்டன் போட்டார்கள். இரண்டாவது சில வாரங்களே ஓடிற்று. "வாளுக்கு வயதாகிவிட்டது; புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்களாம். புதிய வாளின் விலையோ அவருடைய ஒரு மாத வருமானத்திற்கும் மேல்! நாம் கேட்பதெல்லாம் இதுதான்: வாளுக்கு வயதாயிற்று, சரி, புதிய பிஸ்டனுக்குமா வயதாயிற்று?

கயிற்றை இழுத்துப் பார்த்தோம். கைக்கு எதிர்ப்பே இல்லை. அழுத்தம் போய்விட்டது என்பது இதனால் விளங்கும். புகைக்குழாய்ப் பெட்டியைக் கழற்றி வாயிலின் வழியே நோக்கினால் பிஸ்டனின் மேனி தெரியும். அதிலுள்ள கீறல்களே சாட்சிகள். காற்று நுழையும் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் வடிகட்டியைத் தாண்டித் தூசி புகுந்திருக்கும். சுற்றிலும் கீறியிருந்தால், பெட்ரோலில் எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கும். புகை வெளியேறும் பக்கம் மட்டும் கீறியிருந்தால், அளவுமீறிய சூடே காரணம். நாம் கண்டது மூன்றாவது.

இச்சூடு எங்கிருந்து வந்தது? இவ்வகை யந்திரத்தின் உட்பாகங்களுக்குத் தனியே எண்ணெய் ஊட்டுவதில்லை. பெட்ரோலில் கலந்த எண்ணெயே அவற்றை நனைக்கின்றது. 25-க்கு 1 என்பது கணக்கானால், 5 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லிலிட்டர் எண்ணெய். 50-க்கு 1 ஆனால் 100 மில்லிலிட்டர். கலவை சரியாயிருந்தும், வேறொரு துவாரத்தின் வழியே காற்று மிகுதியாகப் புகுந்தால் பெட்ரோலின் பங்கு குறைகின்றது. அதனுடன் எண்ணெயும் குறைகின்றது. சூடேறிய பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வுகின்றது.

ஆகவே, வாயில்களை அடைத்து, உள்ளே சிறிது காற்றைச் செலுத்தி, வெளியே சவர்க்கார நீரைத் தடவினோம். சுழல் அச்சின் ஒரு முனையில் குமிழிகள் எழுந்தன. அங்கிருந்த ரப்பர் சீல் காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு பிஸ்டன்களைத் தின்றது அந்தச் சிறு வளையமே!

நிற்க. சிலிண்டரின் உட்பூச்சு உரிந்திருந்தால் அதனையும் மாற்றவேண்டும். நல்லவேளையாகப் பூச்சு கெடவில்லை. ஒட்டியிருந்த அலுமினியத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தெடுத்தோம். பிஸ்டனையும் அதன் வளையத்தையும் இருபுறத்துச் சீல்களையும் புதிதாக மாற்றினோம். சிறு கம்பி வளையம் உள்ளே விழுந்துவிடாதபடி அடிவாயைத் துணியால் மூடிக்கொண்டே வேலை செய்தோம். பெட்ரோலைச் சற்றுத் தாராளமாக விட்டு ஓட்டினோம். வாள் இன்று வேலை செய்கின்றது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பழைய வாள்கள் பலவற்றில் சங்கிலியை உடனே நிறுத்தும் தடை கிடையாது. வாள் துள்ளினால் முகத்தையே தாக்கும். யந்திரம் புதுப்பிக்கப்பட்டதனால் அவ்வாபத்து நீங்கிவிடாது. எனவே, பழகாதவர் கையில் அதைக் கொடுத்தலாகாது.

தோட்டப்புறத்து இளைஞர்களே! தேய்ந்ததை மாற்றுவதற்குத் திருகு கழற்றத் தெரிந்தால் போதும். ஏன் தேய்ந்தது என்று கேட்பதற்கு அறிவு வேண்டும். அவ்வறிவிற்குச் சாதியுமில்லை, பட்டமுமில்லை. கூலி கொடுத்து ஒரே பழுதை இருமுறை வாங்கும் நிலை நம்மவர்க்கு இனி வேண்டாம். அடுத்த முறை ஒருவர் "வயதாகிவிட்டது" என்று சொன்னால், விடாமல் காரணத்தைக் கேளுங்கள்.