கேற்றுக்கு உள்ளே கேட்ட பப்பரே

மார்ச் மாதம் யாழ்ப்பாணத்தில் வெயிலும் பிக் மட்ச்சும் சேர்ந்துதான் வரும். சென்ட்ரலும் சென்ஜோன்ஸும் மோதுகிற 'வடக்கின் பெரும் போர்', சென்பற்றிக்ஸும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதுகிற 'பொன் அணிகளின் போர்' என்று எல்லாப் பெயரிலும் ஒரு போர் இருக்கும். உண்மையான போர் நடந்த ஊர் இது. ஆனாலும் அந்தப் பெயர்களைக் கேட்டு ஒருத்தரும் ஒரு நிமிசம்கூட யோசிப்பதில்லை.

நாங்கள் நாலு பேர், ஒரே வகுப்பு, பெண்கள் பாடசாலை. எங்களுக்கு பிக் மட்ச் என்றால் முதலில் சத்தம்தான். தூரத்தில் ட்ரம் கேட்கும், பிறகு ட்ரம்பெட், பிறகு கொடி கட்டின லொறி. சத்தம் எங்கள் றோட்டுக்குத் திரும்பினவுடனே கேற்றைப் பூட்டி விடுவார்கள். ரீச்சர் ஜன்னலையும் சாத்தச் சொல்லுவா. சாத்தின ஜன்னலுக்குள்ளாலும் பப்பரே வரும், மேசைக்குக் கீழே கால் தன்பாட்டில் தாளம் போடும். ஒரு வருசம் எங்களில் ஒருத்தி மேல்மாடியில் நின்று கை காட்டிப்போட்டாள். அடுத்த நாள் அம்மாவோடு ஒபிசுக்கு வரச் சொன்னார்கள். கேற்றில் ஏறிக் கத்தின பெடியள் எந்தப் பாடசாலை என்று யாரும் விசாரித்ததாக ஞாபகமில்லை.

"நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் எங்களிடம் பதில் இருந்தது. அண்ணா எங்கே படிக்கிறாரோ, அந்தப் பக்கம். அண்ணா இல்லாதவள் மச்சானின் பாடசாலையைச் சொன்னாள். அது எங்களுக்கு அப்போது வினோதமாகவே தெரியவில்லை.

ஏ.எல். எழுதி முடித்த பிறகுதான் முதல்முறை சென்ட்ரல் மைதானத்துக்குப் போனோம். வடக்கின் பெரும் போர், மூன்றாவது நாள். 1904இல் தொடங்கின போட்டி. ஒரு பக்கம் நூலகம், கொஞ்சம் தள்ளிக் கோட்டை, நடுவில் இவ்வளவு சனமா என்று இருந்தது. லண்டனிலும் கனடாவிலும் இருந்து லீவெடுத்து வந்த பழைய மாணவர்கள், வயிற்றில் இறுகின பட்ச் ரீசேட்டோடு இருபது வயதுப் பெடியளைவிட மோசமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். கச்சான் விற்கிற ஐயா இரண்டு பக்கமும் போய் வந்தார், அந்த மைதானத்தில் நடுநிலை அவர் ஒருத்தர்தான்.

எங்கே நிற்பது என்பதுதான் எங்கள் முதல் பிரச்சினை. குடும்பமாக வந்தவர்கள் நிழலில் கதிரை போட்டு இருந்தார்கள். ட்ரம் இருந்த இடத்தில் முழுக்கப் பெடியள். "பிள்ளையள், இஞ்ச நிழலுக்கு வாங்கோ" என்று ஒரு மாமா கூப்பிட்டார், நல்ல மனிசன். ஆனால் நிழலில் கைதட்டலாம், கத்த ஏலாது. வெயிலில் நின்றால் "ஆரின்ர தங்கச்சி?" என்று கேட்கிறார்கள். எங்களைப் பார்த்தால் மட்ச் பார்க்க வந்த ஆக்களாகவே தெரியவில்லைப்போல.

ஒரு துடுப்பாட்டக்காரர் 49இல் நின்றபோது ட்ரம் தானாக நின்றது. ஒருத்தரும் நிற்பாட்டச் சொல்லவில்லை. அவ்வளவு பேர் ஒரேயடியாக அமைதியாகிறது கத்துவதைவிடப் பயமாக இருக்கும். பந்து மட்டையில் பட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது. பிறகு கயிற்றைத் தாண்டிப் பெடியள் உள்ளே ஓட, நடுவர் கையை விசுக்கி விசுக்கித் துரத்தினார்.

கடைசி அரை மணித்தியாலம் இன்னும் மோசம். ஒன்பது விக்கெட் போய்விட்டது, சமநிலைக்காகக் கடைசி இரண்டு பேரும் தடுத்துக்கொண்டே நிற்கிறார்கள். ஓட்டமே எடுக்காத ஒவ்வொரு பந்துக்கும் அப்படி ஒரு ஆரவாரம்! கிரிக்கெட் தெரியாத ஆளுக்கு இதை விளங்கப்படுத்தவே ஏலாது. எப்போது நிழலை விட்டு வந்தோம் என்று தெரியாது, ட்ரம்முக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். அப்போது ஆரின்ர தங்கச்சி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மட்ச் சமநிலை. தொண்டை போய்விட்டது. வீட்டில் ஐஸ்கிறீமில் பழியைப் போட்டோம்.

பிறகு யோசித்தால் கொஞ்சம் கோபம் வந்தது. எங்களில் ஒருத்தி நாலு வருசம் வலைப்பந்து விளையாடினவள், கோல் ஷூட்டர். அவளின் மட்ச் பார்க்க வந்த சனம் இவ்வளவுதான்: பயிற்சி தருகிற ரீச்சர், இரண்டு அம்மாமார், தண்ணீர்ப் போத்தல் தூக்கின நாங்கள் மூன்று பேர். மற்றப் பிள்ளைகளை வகுப்பை விட்டு வர விடவில்லை. பெண்கள் விளையாட்டுக்கு ஆர்வம் இல்லை என்று லேசாகச் சொல்லுவார்கள். ஆர்வம் சும்மா வராது. பெடியளின் மட்ச்சுக்குப் பாடசாலை நேரத்தோடு விடுகிறது, பஸ் வருகிறது, வெளிநாட்டில் இருந்து காசு வருகிறது, ட்ரம் வாங்க ஆள் இருக்கு. நூறு வருசமாக இப்படிச் செய்தால் எந்த விளையாட்டுக்கும் சனம் வரும்.

இந்த வருசம் அவளின் தங்கச்சிக்கு மட்ச். ஒழுங்கையில் இருக்கிற பெடியளிடம் ட்ரம் கேட்டோம். "நெற்போலுக்கோ?" என்று சிரித்துவிட்டுத் தந்தார்கள், தடி ஒன்றுதான் இருந்தது. மற்றதுக்குப் பூவரசங் கம்பு முறித்தோம். முதல் கால்பகுதி முழுக்க ரீச்சர் எங்களை முறைத்துப் பார்த்தா. மூன்றாவதில் கிட்ட வந்து, "பிள்ளையள், விசில் கேக்கேல்லையாம், கொஞ்சம் மெதுவா" என்றா. நாங்கள் ட்ரம்மைத் தூக்கப் போக, "நிப்பாட்டச் சொல்லேல்ல" என்றுவிட்டுத் திரும்பிப் போனா.